கப்பில் கோடு இல்லை

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் குட்டி விமானம் ஓட்டுகிறேன், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என் மச்சினன் எடுத்தது. மேலே ஏறுகிறோம், ஏறின கையோடு இறங்குகிறோம். மொத்தத்தில் அரை நிமிஷம்கூட வானத்தில் இல்லை. சித்தி ஒருத்தர் "சூப்பர் லேண்டிங் தம்பி" என்று போட்டு ஏழெட்டு கைகூப்பும் பொம்மைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார். பெரியப்பா பையன், "இவ்வளவுதானா? டிக்கெட் எவ்வளவு வாங்குன?" என்று கேட்டிருக்கிறான்.

அது சூப்பர் லேண்டிங் எல்லாம் இல்லை. இன்ஜின் நின்றுபோனதால் வந்த லேண்டிங். வீட்டில் தவிர யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. நாலு மாசம் ஆகிவிட்டது, கை நடுங்காமல் எழுத முடிகிறது. எழுதிவிடுகிறேன்.

முதலில் விமானம். மெல்போர்னுக்கு மேற்கே, பல்லாரட் பக்கம் ஒரு சின்ன ஊரின் ஓடுபாதையில் நிற்கிறது. செஸ்னா 172, 1978-ல் செய்தது, என்னைவிட ரெண்டு வயசு இளையது. நாலு பேர் கூட்டாக வைத்திருக்கிறோம். சொந்த விமானம் என்றதும் ஊரில் என்னை என்னவோ நினைத்துக்கொள்கிறார்கள். என் பங்குக்கு நான் கொடுத்த காசில் இங்கே ஒரு நல்ல புதுக் கார்கூட வராது. வாங்குவது செலவில்லை, வைத்திருப்பதுதான் செலவு. அதிலும் ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகை, அதன் வாடகை. அதனால் எங்கள் விமானம் மழை, வெயில், காக்கட்டூ கிளிகள் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு வெட்டவெளியில் நிற்கும். இந்த ஒரு விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

172-ல் இறக்கைகள் தலைக்கு மேலே இருக்கும். ரெண்டு இறக்கைக்குள்ளும் ஒவ்வொரு டேங்க், சேர்த்து 163 லிட்டர். பம்ப் கிடையாது, மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருகிற மாதிரி பெட்ரோல் தானாக இன்ஜினுக்கு இறங்கும். அந்த எளிமைக்காகவே எனக்கு இந்த விமானத்தைப் பிடிக்கும். டேங்குக்குள் என்ன இருக்கிறதோ அது இறங்கும். அதுதான் இங்கே வினை.

பெட்ரோல் என்று சொன்னாலும் இது பங்க்கில் கிடைக்கிற பெட்ரோல் இல்லை, ஏவ்கேஸ். எங்களுக்குக் கிடைப்பது நீலச் சாயம் கலந்த ரகம். லிட்டர் முக்கால் கிலோகூட வராது. தண்ணீர் ஒரு கிலோ. ரெண்டும் கலக்காது, தண்ணீர் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் ஒவ்வொரு டேங்குக்கும் அடியில் ஒரு சின்ன வடிகால் வால்வு வைத்திருக்கிறார்கள். நடுவில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கப்பை இறக்கைக்கு அடியிலிருந்து அதில் அழுத்தினால் கொஞ்சம் கப்பில் இறங்கும். பார்க்க வேண்டும். தண்ணீர் இருந்தால் கப்பின் அடியில் நிறமில்லாமல் உருண்டு நிற்கும், அதற்கு மேலே நீலம், நடுவில் கத்தியால் வெட்டினது போல ஒரு கோடு. கோடு தெரிந்தால் ஊற்றிவிட்டு மறுபடி எடு, கோடு போகும்வரை. இது முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பது. எங்கள் பழைய மாடலில் இறக்கைக்கு ஒன்று, மூக்குக்கு அடியில் வடிகட்டியில் ஒன்று, ஆக மூன்று இடம். இப்போது வரும் 172-களில் 13 இடங்களில் வடிக்க வேண்டும். பதிமூன்றா என்று நாங்கள் கிண்டல் அடிப்போம். இப்போது அடிப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நான் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறேன். கப்பில் வந்ததைப் பார்ப்பதுதான் என் தொழில், இருபது வருஷத்துக்கு மேல்.

ஜூலை மாதம். இங்கே அது நடுக்குளிர்காலம். சிவகாசியிலிருந்து மச்சினன் வந்திருந்தான். கிரேட் ஓஷன் ரோட்டில் கடலுக்குள் நிற்கும் அந்த சுண்ணாம்புப் பாறைகளை மேலே இருந்து காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஒன்பது நாள் விடாத மழை. பத்தாவது நாள், சனிக்கிழமை, வானம் கழுவி விட்டது மாதிரி இருக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னது. மதியத்துக்குள் திரும்ப வேண்டும், மாலையில் வீட்டில் விருந்து. அதனால் விடியுமுன்னே போய்விட்டோம். ஆறே முக்கால் இருக்கும், கும்மிருட்டு. நெற்றியில் கட்டும் எல்இடி விளக்கைப் போட்டுக்கொண்டு விமானத்தைச் சுற்றி வந்தேன்.

இடது டேங்க். கப்பை அழுத்தினேன். வழக்கம்போல பாதி கப்பில், பாதி சட்டைக் கைக்குள். குளிர்காலத்தில் ஏவ்கேஸ் முழங்கைவரை ஓடுவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நீலமாக இருந்தது. அடியில் ஒரு மணி அளவு தண்ணீர். ஊற்றிவிட்டு மறுபடி எடுத்தேன், சுத்தம்.

வலது டேங்க். கப் நிறையப் பிடித்தேன். விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கோடு இல்லை, குப்பை இல்லை, பளிங்கு. நல்லது என்று ஊற்றிவிட்டு மூக்குக்கு வந்தேன். வடிகட்டியிலும் நீலம், சுத்தம்.

வலது கப்பில் கோடு இல்லாததற்குக் காரணம், அது முழுக்கத் தண்ணீர்.

இதைப் படிக்கும்போது, இது எப்படித் தெரியாமல் போகும், பச்சைக் குழந்தைக்குத் தெரியுமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் அந்த இடத்தில் நின்று பாருங்கள். எல்இடி விளக்குக்கே ஒரு நீலச் சாயல் உண்டு. ஏவ்கேஸின் நீலம் ஒன்றும் மைக்கூட்டு நீலம் இல்லை, சொட்டு நீலம் போட்டு அலசின வேட்டி மாதிரி லேசான நீலம். மோந்து பார்க்கலாமே என்றால், இடது டேங்க்கிலிருந்து கொட்டினது கையெல்லாம், சட்டையெல்லாம் மணக்கிறது. கப்பில் முந்தின பெட்ரோலின் ஈரம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நான் தேடியது நிறத்தை இல்லை. கோட்டை. இருபது வருஷமாக, பறக்கிற ஒவ்வொருவனும் தேடுவது கோட்டைத்தான். கோடு விழ ரெண்டு பேர் வேண்டும், ஒருத்தன் மட்டும் இருந்தால் ஏது கோடு?

வெளிச்சம் வந்தது. ஏழே முக்காலுக்கு இன்ஜினைப் போட்டேன். எடுத்த எடுப்பில் பிடித்தது. ஓடுபாதையின் நடுப்பகுதிக்குத்தான் எங்கள் நிறுத்துமிடத்திலிருந்து வழி வந்து சேரும். அங்கிருந்தே ஏறிவிடலாம், இந்த விமானத்துக்கு அந்தத் தூரம் தாராளம், நானே பல தடவை ஏறியிருக்கிறேன். அன்றைக்கு மச்சினன் வீடியோவுக்காக, முழு ஓடுபாதையும் தெரியட்டும் என்று தொடக்கம்வரை ஊர்ந்து போய்த் திருப்பினேன். 1,400 மீட்டர். பாதுகாப்பை நினைத்துச் செய்ததில்லை, பந்தாவுக்காகச் செய்தது.

நிறுத்திவைத்து இன்ஜினை நிமிஷத்துக்கு 1,700 சுற்றுக்கு ஏற்றிப் பார்த்தேன். இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் ரெண்டு மேக்னெட்டோவும் சரி. எல்லாம் சரி. ஏறுவதற்கு முன்னால் எப்போதும் வாய்விட்டுச் சொல்வதைச் சொன்னேன், இது வீடியோவிலும் இருக்கிறது: "இன்ஜின் நின்னா, முன்னாடி ஓடுபாதை மிச்சம் இருந்தா அதுலயே இறக்குவேன். இல்லன்னா நேரா முன்னாடி இருக்கிற வயல். திரும்பி வரமாட்டேன்." மச்சினன், "மச்சான், காலங்காத்தால நல்ல வார்த்தை சொல்லுங்க" என்றான்.

த்ராட்டிலை முழுக்கத் தள்ளினேன். ஓடினோம், தூக்கினோம். நூறு அடியைத் தாண்டியிருப்போம். இன்ஜின் ஒரு தடவை இருமியது. தொண்டையில் ஏதோ மாட்டினது மாதிரி. அப்புறம் பிடித்தது. அப்புறம் வரிசையாக இரண்டு மூன்று இருமல், முகப்பு முழுக்க ஒரு குலுக்கல், சத்தம் அப்படியே அடங்கியது.

ஏறிக்கொண்டிருக்கும்போது மூக்கு வானத்தைப் பார்த்து நிற்கிறது. இழுக்க ஆள் இல்லாவிட்டால் வேகம் கொட்டிவிடும். வேகம் போனால் இறக்கை தாங்காது. அதனால் முதல் வேலை, பூமி கண்ணெதிரே இருக்கும்போதே மூக்கைப் பூமியை நோக்கி அழுத்துவது. உடம்பு வேண்டாம் வேண்டாம் என்கிறது, கை அழுத்த வேண்டும். அழுத்தினேன். வேகம் 65 நாட், அதாவது மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டரில் நின்றது. கார்புரேட்டரில் பனி பிடித்திருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது, அதைச் சூடாக்கும் குமிழைத் தேடக்கூட நேரம் இல்லை. எதிரே ஓடுபாதை மிச்சம் இருந்தது. இறக்கையின் பின்பக்க மடலை, ஃபிளாப்பை, இறக்கினேன், தரை வந்தது, இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம், பிரேக் அழுத்தி அழுத்தி, கடைசிக் கோட்டுக்கு நூறு மீட்டர் முன்னால் நின்றோம். பாதியிலிருந்து ஏறியிருந்தால் அந்த நேரம் எனக்கு முன்னால் ஓடுபாதை இருந்திருக்காது. வேலி, அதற்கு அந்தப் பக்கம் கனோலா வயல், அதற்குள் ஒரு மின்கம்பி.

விசிறி நின்றுவிட்டது. அவ்வளவு நிசப்தம். மச்சினன் செல்போனை இறக்காமல், "பிராக்டீஸா மச்சான்?" என்று கேட்டான். "ஆமா மாப்ள" என்றேன். அவனிடம் உண்மையைச் சொல்ல அன்றைக்குச் சாயங்காலம் ஆனது.

இங்கே விமான மெக்கானிக்குகளை 'லேம்' என்பார்கள். உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சப்பை என்றும் ஒரு அர்த்தம். அப்படிப் பெயர் வைத்துவிட்டு அவர்கள் கையில் உயிரைக் கொடுக்கிற ஊர் இது. எங்கள் லேம் எழுபதை நெருங்கும் மனிதர், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். திங்கள்கிழமை வந்து மூக்குக்கு அடியில் வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றினார், தண்ணீர். கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தார், தண்ணீர். அப்புறம் வலது டேங்க்கின் வடிகாலுக்குக் கீழே ஒரு கிலோ தயிர் டப்பா ஒன்றைப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் டப்பா நிறையும்வரை நீலம் வரவே இல்லை. வந்தபோது அந்தக் கோடு, நான் தேடின கோடு, டப்பாவுக்குள் மெதுவாக விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் டப்பாவைப் பார்த்தேன்.

"வடித்தாயா?"

"வடித்தேன்."

"பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"எதைப் பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறக்கை மேல் ஏறினார்.

மேலே மூடி. அந்தக் காலத்துச் செஸ்னாக்களில் பெட்ரோல் மூடி இறக்கையின் தளத்தோடு மட்டமாக, ஒரு சின்னக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். பார்க்க அழகு, காற்றுக்குத் தடையில்லை. ஆனால் மழை பெய்தால் அந்தக் குழி தட்டாம்பாறைச் சுனை மாதிரி நிரம்பி நிற்கும். நீருக்கும் டேங்க்குக்கும் நடுவில் ஒரு ரப்பர் வளையம், ஓ-ரிங், அதுதான் காவல். எங்களுடையது வெயிலில் காய்ந்து, காய்ந்த பனையோலை மாதிரி வெடித்திருந்தது. ஒன்பது நாள் மழை, சொட்டுச் சொட்டாக. இந்த நோய் ஊரறிந்தது, இதற்கென்றே குடை மாதிரி கவிந்து உட்காரும் உயரமான மூடிகள் பல வருஷங்களாகக் கிடைக்கின்றன. நாங்கள் நாலு பேரும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளினோம்.

செஸ்னாவின் இன்னொரு மாடலான 182 வைத்திருப்பவர்கள் கதை இன்னும் மோசம். பழைய 182-களில் டேங்க் என்பது இறக்கைக்குள் திணித்த ஒரு ரப்பர் பை. பையில் மடிப்பு விழுந்தால் மடிப்புக்குப் பின்னால் தண்ணீர் ஒளிந்துகொள்ளும், வடிகாலுக்கே வராது, மேலே ஏறும்போதுதான் வெளியே வரும். 1984-ல் அமெரிக்க விமானத்துறை இதற்காக ஓர் ஆணையே போட்டது. வால் பக்கத்தை அழுத்தி, இறக்கையைப் பிடித்து விமானத்தையே ஆட்டிவிட்டு வடிக்க வேண்டும். பக்கத்து ஹேங்கர்க்காரர் காலையில் தன் விமானத்தைத் தொட்டில் ஆட்டுவதை ரொம்ப நாள் கேலியாகப் பார்த்திருக்கிறேன்.

சரி, தரையில் எல்லாச் சோதனையிலும் தேறின இன்ஜின் மேலே போனதும் ஏன் நின்றது? டேங்க்கிலிருந்து இன்ஜின்வரை குழாயிலும் வடிகட்டியிலும் கார்புரேட்டரிலும் நல்ல பெட்ரோல் மிச்சம் இருந்தது. ஊர்ந்து போக, நின்று சோதிக்க அது போதும். தண்ணீர் அதுவரை டேங்க்கின் அடியில் அசையாமல் கிடந்திருக்கிறது. ஓடும் வேகமும் தூக்கின மூக்கும் சேர்ந்து அதை உலுக்கிக் குழாய் வாய்க்குக் கொண்டுபோய்விட்டது. அதனால்தான் கெட்ட எரிபொருள் ஆளைக் கொல்வது பெரும்பாலும் கிளம்பின முதல் சில நிமிஷத்தில், உயரமும் இல்லாத, வேகமும் இல்லாத இடத்தில்.

வேலை முடிந்து டீ குடிக்கும்போது லேம் வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் பேசினார். 1999 கடைசியில் நடந்த கதை. அப்போது நான் இந்த நாட்டுக்கே வரவில்லை. அந்த டிசம்பரில் மெக்கானிக்குகள் கழற்றிப் பார்த்த சில விமானங்களில், எரிபொருள் பாதையின் பித்தளைப் பாகங்களில் பிசுபிசுவென்று ஒரு படிவு. யாருக்கும் என்னவென்று புரியவில்லை. தேடிப் போனால் மெல்போர்னில் மொபில் நிறுவனத்தின் ஆல்டோனா சுத்திகரிப்பு ஆலையில் முடிந்தது. ஆலையின் குழாய்கள் அரிக்காமல் இருக்கச் சேர்க்கும் எத்திலீன் டையமீன் என்ற வேதிப்பொருள் துளியளவு ஏவ்கேஸோடு சேர்ந்து வெளியே வந்திருக்கிறது. பித்தளையில் இருக்கும் செம்போடு அது வினைபுரிந்து பிசினாகியிருக்கிறது. 2000 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி முழுக்க ஏறக்குறைய 5,000 சின்ன விமானங்களைத் தரையோடு கட்டிப்போட்டார்கள். பயிற்சிப் பள்ளி, வயலுக்கு மருந்தடிப்பவர்கள், மாடு ஓட்டுகிற பண்ணைகள், எல்லாம் வாரக்கணக்கில் முடங்கின. நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனையைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் அந்தப் பெட்ரோல் தர விதிகளின்படி தேறின பெட்ரோல். அப்படி ஒரு பொருள் அதற்குள் இருக்கலாம் என்று விதி எழுதினவர்கள் நினைத்ததே இல்லை, அதனால் தேடவும் சொல்லவில்லை.

"அன்றைக்குக் கப்பில் நீலம் இருந்தது, கோடு இல்லை, மணம் சரி. கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அதற்கு யாரையும் நான் குறை சொல்லமாட்டேன்" என்றார். என்னைக் குறை சொல்கிறேன் என்று சொல்லவில்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கும் அதுதான் உறுத்தல். தண்ணீர் ஒளிந்துகொள்ளவில்லை. கனமாக அடியில் இறங்கி, வால்வு வழியாக வந்து, கப்பில் உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில் என் முகத்துக்கு நேரே ஒரு விரல்கடைத் தூரத்தில் நின்றது. லேப்பில் ஒவ்வொரு காலையும் நோயாளிகளின் மாதிரியைத் தொடுவதற்கு முன்னால், விடை தெரிந்த ஒரு மாதிரியை ஓட்டிப் பார்ப்போம். கன்ட்ரோல் என்போம். அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் ஒரு முடிவில்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. விமானத்தில் மட்டும் என் நினைப்பில் இருந்த நீலத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அப்பாவிடம் சொல்ல ஒரு வாரம் ஆனது. அவருக்கு எழுபத்தெட்டு. விருதுநகரில் ஒரு பெட்ரோல் பங்க்கில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எரிபொருள் என்றால் அவருக்குச் சாமி மாதிரி, ஆனால் நம்பக்கூடாத சாமி. வீடியோ காலில் முழுக்கக் கேட்டார். முதல் கேள்வி, "பேஸ்ட் போடலியா?"

எனக்கு அந்த மஞ்சள் டப்பா உடனே ஞாபகம் வந்தது. காலையில் பங்க் திறந்ததும் அவர் செய்யும் முதல் வேலை அது. பூமிக்கடியில் இருக்கும் டேங்க்குக்குள் விடும் நீளமான அளவுகோலின் நுனியில் அந்தப் பசையைத் தடவி, இறக்கி, எடுத்துப் பார்ப்பார். பெட்ரோலில் முங்கினால் ஒன்றும் ஆகாது. தண்ணீர் பட்ட உயரம்வரை சிவந்துவிடும். பரிட்சை லீவில் நான் கூடப் போவேன், சிவக்குமா சிவக்குமா என்று ஆசையாகப் பார்ப்பேன். சிவந்தால் எல்லோருக்கும் பேச்சு விழும், எனக்குச் சந்தோஷம்.

"கண்ண வச்சுப் பாத்தா தெரியாதுப்பா. ராத்திரில எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். பேஸ்ட்டுக்கு ராத்திரியும் பகலும் கிடையாது" என்றார்.

அவரிடம் இன்னொரு வித்தையும் இருந்தது. ஃபில்டர் பேப்பர். வண்டிக்காரர் சந்தேகப்பட்டால் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுக் காட்ட வேண்டும். நல்ல பெட்ரோல் ரெண்டு நிமிஷத்தில் பறந்துவிடும், வெள்ளைக் காகிதம் வெள்ளையாகவே இருக்கும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை வட்டமாக நிற்கும். இதை இங்கே பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் ஜெட் விமானத்துக்கு ஊற்றுவது சுத்தமான மண்ணெண்ணெய்தான். அது தவறுதலாக எங்களுடையது போன்ற பிஸ்டன் இன்ஜினுக்குள் போய்விட்டால் தண்ணீரைப் போலவேதான். கிளம்பும், ஊரும், சோதனையில் தேறும், மேலே போய்க் கைவிடும். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடும், அதே வட்டம். எங்கள் ஊரில் நீலம் என்றால் ரேஷன் மண்ணெண்ணெய், கலப்படத்தின் நிறம். இங்கே நீலம்தான் நல்ல பெட்ரோல். அப்பாவுக்கு இது இன்றுவரை ஏற்கவில்லை. "நீலமா? வேண்டாம்பா" என்பார்.

இந்தத் தவறு கத்துக்குட்டிகளுக்கு மட்டும் நடப்பதில்லை. பாப் ஹூவர் என்ற அமெரிக்கர், இன்ஜினை வேண்டுமென்றே அணைத்துவிட்டு வித்தை காட்டி இறக்கின ஆள், அவருடைய இரட்டை இன்ஜின் விமானத்துக்கே சான் டியேகோவில் ஜெட் எரிபொருளை ஊற்றிவிட்டார்கள். கிளம்பின கையோடு ரெண்டு இன்ஜினும் போனது. உள்ளே இருந்தவர்களோடு பிழைத்தார். ஊற்றின பையனைத் திட்டவில்லை, இனி என் விமானத்துக்கு இவன்தான் ஊற்ற வேண்டும் என்றாராம். ஜெட் எரிபொருள் குழாயின் வாயை வாத்து மூக்கு மாதிரி அகலமாகத் தட்டி, பிஸ்டன் விமானத்தின் டேங்க் வாயைக் குறுக்கி, ஒன்றுக்குள் ஒன்று நுழையாமல் செய்தார்கள். அந்த அகல வாய்க்கு அவர் பெயர்தான். அப்பாவுக்கு இந்தக் கதை பிடித்தது. "பையனத் திட்டல பாரு" என்று ரெண்டு தடவை சொன்னார். பங்க்கில் பையனாக இருந்தவர் அல்லவா.

இப்போது என்ன செய்கிறோம் என்று கேட்டால், நாலு பேரும் பணம் போட்டுக் குடை மூடிகளை மாட்டிவிட்டோம். கப்பை இருட்டில் பார்ப்பதில்லை, வெளிச்சம் வந்த பிறகு வெள்ளை இறக்கைக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறேன். வானத்துக்கு எதிரே இல்லை, நீல வானம் தண்ணீருக்கும் நீலம் பூசிவிடும். வடிப்பதற்கு முன்னால் கப்பில் இரண்டு விரல்கடை நல்ல ஏவ்கேஸ் ஊற்றிக்கொள்கிறேன், அடுத்து தண்ணீர் மட்டுமே வந்தாலும் கோடு விழும். லேப் புத்தி, தாமதமாக வந்தது. கையுறைப் பெட்டியில் ஒரு பேஸ்ட் டியூப் கிடக்கிறது. கூட்டாளி ஒருத்தர் அதைச் சூரிய ஒளிக்கான க்ரீம் என்று நினைத்து மூக்கில் தடவப் பார்த்தார்.

அந்த வீடியோவுக்கு வருகிறேன். குழுவில் சுற்றுவது வெட்டின வீடியோ. முழுசும் மச்சினன் போனில் இருந்தது. காரை விட்டு இறங்கினதிலிருந்து எடுத்திருக்கிறான். அப்பா அதைப் பார்க்க வேண்டும் என்றார், அனுப்பி வைத்தான். வீடியோ காலில் என்னை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பையனின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார். இன்ஜின் நிற்கும் இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும், "முன்னாடி போ, இருட்டுல நின்னீங்கள்ல, அங்க போ" என்றார்.

பையன் பின்னால் ஓட்டினான். இறக்கைக்கு அடியில் நான் நிற்கிறேன். நெற்றி விளக்கு, கையில் கப், தூக்கிப் பிடித்திருக்கிறேன். மச்சினன் குரல் கேட்கிறது:

"என்ன மச்சான் இது, தண்ணியா?"

"பெட்ரோல் மாப்ள."

"தண்ணி மாதிரில்ல இருக்கு."

நான் சிரிக்கிறேன். கப்பைப் புல்லில் ஊற்றுகிறேன். அவன் கேட்டதும் நான் சொன்னதும் எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை, அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறேன்.

அப்பா லேப்டாப்பை மூடச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "மாப்ளைக்கு அந்தப் பாறையக் காட்டினியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. அவன் ஊருக்குப் போயிட்டான்."

"அடுத்த தடவ வரும்போது காட்டு" என்று வைத்துவிட்டார்.